அந்த இன்னொரு வரியையும் பாருங்கள்

மாரி மழை பிடித்துக்கொண்டால் மட்டக்களப்பில் காய்ச்சல்காரர் கையிலெல்லாம் ஒரு துண்டு இருக்கும். எப்.பி.சி. ரிப்போர்ட். டெங்கு வந்து வந்து இந்த இரத்தப் பரிசோதனை ஊருக்கே பழகிப்போயிற்று. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் களுவாஞ்சிகுடியிலும் அம்மம்மாக்கள்கூட "பிளேட்லட் எவ்வளவாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் வீடு பதறுகிறது. ஏறிவிட்டால் துண்டு நாலாக மடிபட்டு, கிளினிக் கொப்பிக்குள் போய்விடுகிறது.

பிளேட்லட்டுக்குச் சில வரிகள் மேலே, பெரும்பாலும் யாரும் நின்று வாசிக்காத வரியொன்று உண்டு. மொத்த வெண்குழியங்கள் எத்தனை, அவற்றில் லிம்போசைட் எத்தனை வீதம் என்று சொல்லும் வரி அது. டெங்குவில் வெண்குழியங்கள் வழக்கமாகக் குறையும். எழுபது வயதான ஒருவரின் துண்டில் வெண்குழியங்கள் 38,000 என்றும் அதில் லிம்போசைட் 80 வீதம் என்றும் அடித்திருந்தால், பிளேட்லட் நன்றாக இருக்கிறதே என்ற ஆறுதலோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா, சுருக்கமாக சி.எல்.எல்., என்ற இரத்தப் புற்றுநோய் அவருக்கு இருக்கக்கூடும்.

இரத்தப் புற்றுநோய் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது முடி கொட்டிய ஒரு பிள்ளையின் முகம். சி.எல்.எல். முதியவர்களைப் பிடிக்கும் நோய். மேற்கு நாடுகளில் இது கண்டுபிடிக்கப்படும்போது நோயாளியின் வயது சராசரியாக 70. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. கிருமிகளை எதிர்க்க உடல் வைத்திருக்கும் பி-லிம்போசைட் என்ற வெண்குழியம் ஒன்று கெட்டு, தன்னைப் போன்றவற்றைப் பெருக்கிக்கொண்டே போகிறது. அப்படிப் பெருகியவை அழியவேண்டிய காலத்தில் அழியாமல் சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் எந்த வருத்தமும் தெரியாது. பிறகு கழுத்திலும் அக்குளிலும் நோவில்லாத நெறி கட்டும். மண்ணீரல் வீங்கும். இரத்தம் குறைந்து இளைப்பு வரும். சாதாரணத் தடிமன் நெஞ்சுச் சளியாகி ஆளைக் கட்டிலில் விழுத்தும்.

உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீட்டில் 1990இல் உலகம் முழுவதும் சுமார் 40,500 பேருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. 2019இல் அது சுமார் 1 இலட்சத்து 3 ஆயிரம். அதே காலத்தில் ஆண்டுச் சாவுகள் சுமார் 21,500இலிருந்து 44,600ஆகக் கூடின. உலகம் முதுமையடைவது இதற்கு முக்கிய காரணம். வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பெரியவர்களுக்கு வரும் லுக்கேமியாக்களில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 20,000 பேர் அளவில் புதிதாக இனங்காணப்படுகிறார்கள்.

ஆசியாவில் கதை வேறு. இங்கே இலட்சம் பேருக்கு ஆண்டில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த நோய் பதிவாகிறது. ஹவாய்த் தீவுக்குக் குடிபெயர்ந்த ஜப்பானியர்களிடம் தலைமுறை கடந்தும் வீதம் தாழ்வாகவே இருந்தபடியால், சாப்பாட்டையும் சூழலையும்விடப் பரம்பரைக்கே இதில் பெரிய பங்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது நம் நல்ல காலம்தான். ஆனால், அந்த நல்ல காலத்தையே சாட்டாக வைத்து, "இது வெள்ளைக்காரர் நோய்" என்று கொப்பியை மூடிவிடுவதில் ஆபத்து இருக்கிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூறு பேரில் எட்டுப் பேர் அளவில் இருந்தார்கள். 2024 கணக்கெடுப்பில் அது பன்னிரண்டைக் கடந்துவிட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை 2012இலேயே 5 இலட்சத்து 26 ஆயிரம். ஆசியாவின் தாழ்ந்த வீதத்தை வைத்துப் பார்த்தாலும் ஆண்டுக்கு ஓரிருவருக்காவது இங்கே இந்த நோய் வந்துகொண்டிருக்க வேண்டும். வந்தவர்கள் பல ஆண்டுகள் அதோடு வாழ்வார்கள் என்பதால், எந்த நேரத்திலும் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் இந்த நோயோடு நடமாடுபவர்கள் அதைப் போலப் பல மடங்கு இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் தமக்கு இருப்பதை அறிவார்கள் என்பதுதான் கேள்வி.

எண்ணும் முறையே இவர்களை மறைத்துவிடுகிறது. நோய்களுக்கு உலகம் வைத்திருக்கும் குறியீட்டில் சி91 என்றால் லிம்போசைட் வகை லுக்கேமியா. பிள்ளைகளுக்கு வரும் கடும் லுக்கேமியா சி91.0. முதியவரின் நாட்பட்ட லுக்கேமியா சி91.1. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஓர் இலக்கத்தை விட்டுவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபத்தைந்து வயது அப்புவும் ஒரே பெட்டிக்குள் விழுவார்கள். உலக அளவிலேயே இதுதான் நடக்கிறது. உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகான், 2022இல் 4 இலட்சத்து 87 ஆயிரம் பேருக்கு லுக்கேமியா வந்ததென்று எல்லா வகைகளையும் ஒன்றாகக் கட்டியே சொல்கிறது. பிள்ளையின் நோய்க்கு வேண்டிய மருந்தும் கட்டிலும் வேறு, முதியவருக்கு வேண்டியவை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிய எண்ணை வைத்து எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது என்று சுகாதார அமைச்சு எப்படித் தீர்மானிக்கும்? இலங்கையின் புற்றுநோய்ப் பதிவேடு 1985இலிருந்து இயங்கிவருகிறது. அதன் வெளியீடுகளில் புள்ளிக்குப் பின்னால் வரும் இந்த இலக்கம் எப்போதும் தனி வரியாக வரவேண்டும்.

பதிவேட்டுக்குள் போகாமலே விடுபடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். புற்றுநோய்ப் பதிவு பெரும்பாலும் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையங்களிலிருந்து வருகிறது. உடனே சிகிச்சை தேவைப்படாத, வருத்தம் எதுவும் சொல்லாத வயோதிபர் அங்கே போவதற்கு வழியே இல்லை. அவர் பிரஷர் கிளினிக்கிலும் சீனி வருத்தக் கிளினிக்கிலும் மாதாமாதம் வரிசையில் நிற்கிறார். கடைசியில் நெஞ்சுச் சளியில் இறந்துபோனால் மரணச் சான்றிதழில் நியூமோனியா என்றே எழுதப்படும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு மட்டக்களப்பிலேயே ஒரு சாட்சி உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோய் இலங்கையில் முதன்முதல் 1927இல் ஓர் ஐரோப்பியரில் பதிவானது. அதன்பின் எத்தனையோ தசாப்தங்களாக அது இந்த நாட்டில் மிக அரிது என்றே நம்பப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரியாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006க்குப் பிறகு ஒழுங்காகத் தேடத் தொடங்கியதும் நோயாளிகள் நூற்றுக்கணக்கில் தெரியவந்தார்கள். அவர்கள் தெரியவந்த இடங்களில் மட்டக்களப்பு முக்கியமான ஒன்று. கிருமி அதற்கு முன்னரும் இதே வயல் சேற்றில்தான் இருந்தது.

அந்தச் சேறு சி.எல்.எல். நோயாளிக்கு நேரடியாகவே சம்பந்தப்பட்டது. இந்த நோயில் லிம்போசைட்டுகள் குவிந்து கிடந்தாலும் அவை வேலை செய்வதில்லை. கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்தில் குறைந்துபோகின்றன. நோயாளிகளின் சாவுக்குப் புற்றைவிடத் தொற்றே பல வேளைகளில் காரணமாகிறது. இப்போது படுவான்கரைப் பக்கம், வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ பெரும்போகம் செய்யும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வெறுங்காலோடு வயலுக்குள் இறங்குகிறார். காலில் ஒரு வெடிப்பு, ஒரு கீறல். மெலியோய்டோசிஸ் கிருமிக்கு அது போதும். நீரிழிவு இருந்தால் ஆபத்து ஏற்கெனவே அதிகம். எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடலுக்கு இன்னும் மோசம். தமக்கு சி.எல்.எல். இருப்பது தெரிந்திருந்தால் அவர் நீண்ட சப்பாத்து போட்டு இறங்கலாம், காயத்தோடு இறங்காமல் இருக்கலாம், காய்ச்சல் வந்த அன்றே வைத்தியசாலைக்கு வந்து "எனக்கு இப்படியொரு வருத்தம் இருக்கு ஐயா" என்று சொல்லலாம். நியூமோனியாவுக்கும் இன்ஃபுளுவென்சாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்கலாம். சிகிச்சை தொடங்காத கட்டத்திலும் நோயை அறிந்திருப்பதால் வரும் பயன் இவ்வளவு.

சிகிச்சை தொடங்காத கட்டம் என்று ஒன்று இருப்பதே நம் ஆட்களுக்குப் புரியவைக்கக் கடினமான விஷயம். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, "இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்தில் வாருங்கள்" என்று வைத்தியர் சொன்னால், குடும்பம் அதைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். மகன் காணியை ஈடு வைத்துத் தனியார் வைத்தியசாலைக்கு ஓடுவார். இன்னொருவர் சொன்ன கஷாயத்துக்கு ஆட்டோ பிடிப்பார்கள். உண்மையில் அந்த ஆலோசனைக்குப் பின்னால் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. ஆரம்பக் கட்டத்திலேயே குளோரம்புசில் மாத்திரையைக் கொடுத்தவர்கள், கொடுக்காமல் பார்த்திருந்தவர்களைவிட அதிக காலம் வாழவில்லை என்று பிரான்ஸில் நடந்த சோதனைகள் 1998இல் காட்டின. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. இதைத் தமிழில், பத்து நிமிடம் ஒதுக்கி, மகனையும் மகளையும் பக்கத்தில் இருத்திச் சொல்லும் ஒருவர் கிளினிக்கில் இருந்தால் பல காணிகள் ஈட்டுக்குப் போகாது.

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று அறியப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. அதற்கு வழி காட்டியவர் ராஜஸ்தானின் ஜோத்பூரில் பிறந்து நியூயோர்க்கில் வைத்தியரான காந்தி ராய். 1975இல் அவரும் அவரது சகாக்களும் வெளியிட்ட முறை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. எப்.பி.சி. துண்டைப் பார்க்க வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் நெறி இருக்கிறதா, இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படுகிறதா, ஈரல் பெருத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். லிம்போசைட் மட்டும் கூடியிருந்தால் ஆரம்பக் கட்டம். இரத்தமோ பிளேட்லட்டோ குறைந்திருந்தால் முற்றிய கட்டம். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ வாழைச்சேனையிலோ இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

காந்தி ராயின் நோயாளிகளில் உலகறிந்த ஒருவர் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயித். 1991இல் கொலஸ்ட்ரோல் பார்க்க எடுத்த வழக்கமான இரத்தப் பரிசோதனையில்தான் அவருக்கு சி.எல்.எல். இருப்பது தெரியவந்தது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார், கற்பித்தார், பாலஸ்தீனத்துக்காக வாதாடினார், தன் இளமைக்கால நினைவுகளை நூலாக எழுதி அதை மனைவி மரியத்துக்கும் காந்தி ராய்க்கும் காணிக்கையாக்கினார். 2003 செப்டெம்பரில் இறந்தார். வேறு எதற்கோ எடுத்த துண்டில் ஒருவர் அந்த வரியை வாசித்ததால் தொடங்கிய கவனிப்பு அது. மட்டக்களப்பில் டெங்குக்காக எடுக்கப்படும் துண்டுகளுக்கும் அதே வலிமை உண்டு.

மருந்து தேவைப்படும் நாள் வரும்போது நிலைமை கடுமையாகிறது. 1950களிலிருந்து இருந்துவரும் குளோரம்புசில் மலிவானது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மாத்திரை அது, மின்சாரம் போய்ப் போய் வரும் வீட்டில் அதுவே ஒரு சில்லெடுப்பு. 2014இல் அமெரிக்காவில் சி.எல்.எல்.லுக்கு அனுமதி பெற்ற இப்ருட்டினிப் இந்த நோயின் போக்கையே மாற்றியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் இப்ருட்டினிப் எடுத்தவர்களில் 98 வீதத்தினரும் குளோரம்புசில் எடுத்தவர்களில் 85 வீதத்தினரும் உயிரோடு இருந்தார்கள். இதயத் துடிப்புக் குழம்புவது, இரத்தம் கசிவது போன்ற பக்க விளைவுகள் இதற்கும் உண்டு, ஆகவே கண்காணிப்பு வேண்டும். விலையோ, அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் டொலரைத் தாண்டுகிறது. நோய் கட்டுப்பட்டிருக்கும்வரை தினமும் விழுங்க வேண்டிய மருந்து இது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் இப்ருட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பணக்கார நாட்டு முதியவருக்கு மட்டும் உரியதல்ல இம்மருந்து என்று அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. விலை இறங்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இன்னொரு வகை நாட்பட்ட லுக்கேமியாவுக்கான இமட்டினிப்பை நினைத்துப் பாருங்கள். அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. வழக்கு ஏறி இறங்கி 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தில், விண்ணப்பித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் தோற்றது. மலிவு விலை இமட்டினிப் ஏழை நாடுகளுக்குத் தொடர்ந்து போனது. வட்டாரமாகச் சேர்ந்து கொள்வனவு செய்வதும் விலை பேசுவதும் இலங்கை போன்ற சிறிய நாட்டுக்கு இன்னும் அவசியம்.

வாங்கும் மருந்து மருந்தாக இருக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டில் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டு தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து விவகாரம் வெடித்தது. அது தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். அந்த விவகாரத்தில் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தின் பெயரும் அடிபட்டது. திரும்பத் திரும்பத் தொற்று வரும் சி.எல்.எல். நோயாளிக்குக் கொடுப்பது இம்யூனோகுளோபியூலின். அவரது புற்றைத் தாக்கக் கொடுப்பது ரிட்டுக்சிமாப். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். கொள்வனவு செய்யப்படும் ஒவ்வொரு தொகுதியும் பரிசோதிக்கப்பட்டதா என்பதை நோயாளிகளும் வைத்தியர்களும் பார்க்கக்கூடிய இடத்தில் வெளியிட அமைச்சு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

தூரம் இன்னொரு சுமை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு வந்தது பெரிய முன்னேற்றம், முன்பென்றால் எல்லாவற்றுக்கும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைதான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் கொக்கட்டிச்சோலை மக்களுக்கு வாவியைக் கடப்பது இலகுவாயிற்று. ஆனால் மண்டூரிலிருந்து வருபவர் இன்னும் குருமண்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகையோ, சுற்றிவரும் பஸ்ஸையோ நம்பியே இருக்கிறார். வயோதிபரைத் தனியே அனுப்ப முடியாது, கூட ஒருவர் வரவேண்டும், அவரது நாட்கூலி அன்றைக்குப் போயிற்று. கொழும்புக்கு எழுதிக் கொடுத்தால் இரவு ரயில், இரண்டு டிக்கெட், தங்க ஓர் இடம், பாஷை தெரிந்த ஓர் உறவு. இலவச சுகாதார சேவையின் கணக்கில் இந்தச் செலவு ஏறுவதே இல்லை.

மக்கள் கொடுக்கத் தயங்குவதில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து பணம் திரட்டி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்ப வழி செய்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அந்தப் பாதையில் சேர்ந்து நடந்தார்கள். அப்படிக் கட்டிய கட்டடத்துக்குள் ஆண்டு தவறாமல் மருந்து வைப்பதும், ஆய்வுகூடத்தில் ஆள் வைப்பதும் அரசின் கடமை.

இந்த நோயைப் பொறுத்தவரை, தொடக்க வேலைக்குப் பெருந்தொகை தேவையில்லை. அறுபது வயது கடந்தவரின் எப்.பி.சி.யில் லிம்போசைட் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியிருந்தால், காய்ச்சல் ஆறியபின் மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆய்வுகூடமே துண்டில் ஒரு குறிப்பு அடிக்கலாம். சாதாரணத் தொற்றால் ஏறிய எண்ணிக்கை சில வாரங்களில் இறங்கிவிடும். மூன்று மாதமாகியும் இறங்காவிட்டால் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தை இழுத்து நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். சி.எல்.எல். குழியங்கள் மெலிந்தவை. இழுக்கும்போதே பல நசுங்கி, உருவமில்லாத ஊதாக் கறைகளாகத் தகடெங்கும் கிடக்கும். பழகிய கண்ணுக்கு அது சந்தேகத்தை எழுப்பப் போதும்.

உறுதி செய்வதற்கு வேண்டியது குழியங்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களைப் படிக்கும் புளோ சைட்டோமெட்ரி என்ற சோதனை. எலும்பு மச்சை குத்தி எடுக்க வேண்டியதில்லை, கையிலிருந்து எடுக்கும் இரத்தமே போதும். ஆகவே எழுபது வயதுக்காரர் ரயிலேறத் தேவையில்லை, ஊதா மூடிக் குழாய் ஒன்று ஓரிரு நாளுக்குள் அந்த யந்திரம் உள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரி. வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, ஏறாவூர், காத்தான்குடி ஆகிய இடங்களிலிருந்து அந்தக் குழாய்களைச் சேர்த்து அனுப்பவும், முடிவை அந்தந்தக் கிளினிக்குக்கே திருப்பி அனுப்பவும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் போதனா வைத்தியசாலையும் ஓர் ஒழுங்கு செய்யலாம். அதற்கு வேண்டியவை ஒரு வாகனம், ஒரு பதிவுக் கொப்பி, பொறுப்பாக ஓர் உத்தியோகத்தர். இதற்கு அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரை பொறுத்திருக்கத் தேவையில்லை.